சோலார் சுடுதண்ணீர்: சுங்கை சிப்புட் வட்டார வீடுகளுக்காக, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் நகரத்துத் தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகள்) லிந்தாங் சாலை ஓரத்துத் தோட்டங்களிலும் குழாய் வேலையும் ஹீட்டர் வேலையும் செய்து வருகிறேன். போகும் வீடுகளில் எல்லாரும் முதலில் கேட்பது, "வெயில் போதுமா?" என்பதுதான். நம் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை. வாங்கிப் பூட்டிய பிறகு ஏமாற்றம் அடைந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கை கொடுக்காமல் போனது தண்ணீரின் அழுத்தம். அதனால் அழுத்தம் பற்றிய கேள்விக்கு மட்டும் கீழே நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். வாங்கப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.

சோலார் ஹீட்டரும், கூரையில் மின்சாரம் எடுக்கும் சோலாரும் ஒன்றா?

இல்லை. மின்சார சோலார் வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றுகிறது. சோலார் ஹீட்டர் வெயிலின் சூட்டை நேராகத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. மின்சாரப் பலகை தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்தும். சோலார் ஹீட்டர் பாதியையோ அதற்கு மேலோ பிடித்துக்கொள்ளும். குளிக்க மட்டும் என்றால் கூரையில் இரண்டு சதுர மீட்டர் இடம் போதும்.

கூரைமேல் என்னதான் நடக்கிறது? பம்பு இல்லாமல் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது?

பேனல் என்பது ஆழம் குறைந்த ஒரு பெட்டி. மேலே கெட்டிக் கண்ணாடி. அதற்குக் கீழே கறுப்புப் பூச்சுப் பூசிய உலோகத் தகடு, தகட்டோடு ஒட்டிய மெல்லிய செம்புக் குழாய்கள். அடியிலும் பக்கங்களிலும் சூடு வெளியேறாமல் தடுக்கும் பஞ்சு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடைத்தெருவில் நிறுத்திய கார் உள்ளே எப்படிக் கொதிக்கிறதோ, அதே காரியம்தான் இந்தப் பெட்டிக்குள்ளும் நடக்கிறது. ஒளி கண்ணாடி வழியே உள்ளே போகிறது. தகட்டில் பட்டுச் சூடான பிறகு அந்தச் சூடு எளிதில் வெளியே வர முடிவதில்லை.

குழாயில் இருக்கும் தண்ணீர் சூடானதும் லேசாகி மேலே ஏறுகிறது. பேனலின் தலைமாட்டில் படுக்கைவாட்டில் இருக்கும் தொட்டிக்குள் அது போய்ச் சேர, தொட்டியின் அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் கனத்தால் இறங்கிப் பேனலின் கீழ்முனைக்கு வருகிறது. வெயில் இருக்கும் வரை இந்தச் சுற்று நிற்காது. மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நல்ல வெயிலில் ஏணி போட்டு ஏறி இரண்டு இணைப்புக் குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். கீழே போகும் குழாய் சாதாரணமாக இருக்கும். மேலே வரும் குழாயில் விரலை வைக்க முடியாது. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் சுற்று நின்றுவிட்டது என்று பொருள். பெரும்பாலும் குழாயில் காற்று அடைத்துக்கொண்டிருக்கும்.

தொட்டி ஏன் எப்போதும் பேனலுக்கு மேலேயே இருக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம். பேனலுக்குச் சமமாகவோ கீழேயோ வைத்தால் இரவில் சுற்று திரும்பிவிடும். பகலில் சேர்த்த சூட்டைப் பேனல் வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

இரவெல்லாம் ஆறிப்போகாதா? நாங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிப்பவர்கள்.

தொட்டிக்கு இரண்டு சுவர்கள் உண்டு. நடுவில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தடிப்பில் நுரை அடைத்திருப்பார்கள். நுரை நல்லதாக இருந்தால் விடிவதற்குள் சில டிகிரிதான் இறங்கும். பால்வெட்டுக்கும் செம்பனைக் காட்டு வேலைக்கும் இருட்டோடு கிளம்பும் வீடுகளுக்கு இந்த முறை பொருந்துவதே இதனால்தான். சூரியன் நம் ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது. குளிக்கும் தண்ணீர் முந்தைய நாள் வெயிலில் சுட்டது.

நம் ஊர் வெயிலின் அளவு என்ன? பேனலை எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும்?

மலேசியாவில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 முதல் 5 கிலோவாட் மணி அளவுக்கு வெயிலின் ஆற்றல் விழுகிறது. மேகம் வழியே பரவி வரும் ஒளியும் இதில் சேர்த்தி. வெயில் சுள்ளென்று அடிக்காத நாளிலும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

திசை விஷயத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் எழுதிய கையேட்டை நம்ப வேண்டாம். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 5 டிகிரியில் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே. மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் எந்தப் பக்கக் கூரையானாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் மேற்குப் பக்கம் மட்டும்தான் இடம் என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன். 1982 ஜனவரி முதல் நம் கடிகாரம் கிழக்கே உள்ள சபா, சரவாக் நேரத்தோடு ஓடுகிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி ஒன்றே கால் மணி வாக்கில். மழை மூன்று, நான்கு மணிக்கு வந்துவிடும் நாள்கள் இங்கே ஏராளம். மேற்குக் கூரை தன் நல்ல வெயிலை எதிர்பார்க்கும் நேரத்தில் வானம் கறுத்துவிடுகிறது. கிழக்குக் கூரைக்குக் காலை வெயில் உறுதி.

சாய்வு குறைந்தது 10 டிகிரியாவது இருக்க வேண்டும். சுடுதண்ணீர் மேலே ஏறவும், மழை கண்ணாடியைக் கழுவிக்கொண்டு போகவும் அந்தச் சாய்வு தேவை. பக்கத்து வீட்டு மாமரத்தின் நிழல் பத்து மணிக்கு எங்கே விழுகிறது என்பதையும் ஒரு நாள் நின்று பாருங்கள்.

தட்டைப் பேனல் நல்லதா, கண்ணாடிக் குழாய் வகை நல்லதா?

கண்ணாடிக் குழாய் வகையில் ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு கண்ணாடிச் சுவர்கள். நடுவில் காற்றே இல்லாத வெற்றிடம். உள்ளே பிடித்த சூடு வெளியே போக வழியில்லை. பனி கொட்டும் நாடுகளில் இது பெரிய வரம். நம் ஊரில் வெளிக்காற்றே 30 டிகிரி இருக்கிறது. தட்டைப் பேனல் இழக்கும் சூடும் குறைவுதான். அதனால் இங்கே வெற்றிடத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து. குழாய் வகை மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். குரங்குத் தொல்லை உள்ள காட்டோர வீடுகளுக்குத் தட்டைப் பேனலின் கெட்டிக் கண்ணாடிதான் ஏற்றது.

குழாய் வகை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குழாயின் அடிமுனையில் வெள்ளி முலாம் பூசியதுபோல் பளபளக்கும் ஒரு பகுதி இருக்கும். அது பேரியம். வெற்றிடம் கெட்டு உள்ளே காற்றுப் புகுந்தால் அந்த வெள்ளி நிறம் பால்போல் வெளுத்துவிடும். கூரையில் ஏறாமல், கீழே நின்றே எந்தக் குழாய் கெட்டது என்று சொல்லிவிடலாம். இன்னொன்று: தண்ணீர் வெட்டு வந்து குழாய்கள் காய்ந்துவிட்டால், உச்சிவெயிலில் தண்ணீரைத் திறக்கக் கூடாது. கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். மாலை வரை பொறுங்கள்.

பக்கத்துத் தாமானில் நன்றாக வேலை செய்கிறது. எங்கள் வீட்டில் சுடுதண்ணீர் நூலாக வழிகிறது. ஏன்?

நம் ஊர் வரிசை வீடுகளில் தண்ணீர்த் தொட்டி சீலிங்குக்கு மேலே, கூரைக்குக் கீழே இருக்கிறது. சோலார் தொட்டியோ கூரைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. கீழே இருக்கும் தொட்டியிலிருந்து மேலே இருக்கும் தொட்டிக்குத் தண்ணீர் தானாக ஏறாது. விற்பவர் பேனலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போவார்.

சோலார் தொட்டிக்குத் தண்ணீர் வர இரண்டு வழிகள்தான். ஒன்று, சாலையிலிருந்து வரும் மெயின் குழாயை நேராகக் கூரைக்குக் கொண்டுபோவது. அதற்கு அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். தரைவீட்டுக் கூரைக்கு ஏற்றி, ஷவரிலும் நன்றாகக் கொட்ட வேண்டுமென்றால் இரண்டு பாராவது இருப்பது நல்லது. சோதிப்பது எளிது. எல்லா வீட்டிலும் தண்ணீர் ஓடும் காலை ஆறரை மணிக்கு, வாசல் குழாயில் ஒரு ரப்பர் குழாயைப் பூட்டி, அதன் முனையைக் கூரை உச்சிவரை தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் வேகமாகக் கொட்டினால் கவலையில்லை. சொட்டினாலோ நின்றாலோ இந்த வழி உங்களுக்கு ஒத்துவராது. பகல் பதினோரு மணிக்குச் சோதித்துவிட்டு, நன்றாக வருகிறது என்று சொல்பவரின் பேச்சை ஏற்க வேண்டாம்.

இரண்டாவது வழி, சீலிங் தொட்டியிலிருந்து ஒரு பம்பு வைத்து ஏற்றுவது. குழாயைத் திறந்ததும் தானாக ஓடும் வகைப் பம்பு வேண்டும். மெயின் குழாயிலேயே நேரடியாகப் பம்பு வைத்து உறிஞ்சுவது சட்டப்படி கூடாது. தெருவில் உள்ள மற்ற வீடுகளின் தண்ணீரையும் அது இழுத்துவிடும்.

பம்பு வைக்கும்போது பலரும் விடும் ஒரு குறை இருக்கிறது. சுடுதண்ணீருக்கு மட்டும் பம்பு; பச்சைத் தண்ணீர் பழையபடி சீலிங் தொட்டியிலிருந்து. இரண்டும் ஷவர் குழாயில் சந்திக்கும்போது அழுத்தம் கூடிய சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் ஒன்று சுடும், இல்லையென்றால் குளிரும். சில வீடுகளில் சுடுதண்ணீர் பச்சைத் தண்ணீர்க் குழாய் வழியே சீலிங் தொட்டிக்கே போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு தண்ணீரும் ஒரே அழுத்தத்தில் வர வேண்டும். குளியலறைக்குப் போகும் இரண்டு குழாய்களையும் அந்த ஒரே பம்பிலிருந்துதான் பிரிக்க வேண்டும்.

கூரையிலிருந்து இறங்கும் சுடுதண்ணீர்க் குழாய் சாதாரண பிவிசி ஆக இருக்கக் கூடாது. சூட்டில் இளகித் தொங்கிவிடும். செம்பு அல்லது சுடுதண்ணீருக்கென்றே செய்த பிபிஆர் பிளாஸ்டிக் குழாய் கேளுங்கள். மேலே நுரை உறையும் போடச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். எத்தனை லிட்டர் தொட்டி வேண்டும்?

180 லிட்டர் போதும். தொட்டித் தண்ணீர் 60 டிகிரி, பச்சைத் தண்ணீர் 27 டிகிரி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், இரண்டையும் கலந்து 40 டிகிரியில் 450 லிட்டருக்கு மேல் குளிக்கத் தண்ணீர் கிடைக்கும். ஷவரில் பத்து நிமிடம் நின்றால் ஆளுக்கு 80 லிட்டர் அளவில் போகும். வாளியில் மொண்டு குளிப்பவர்கள் இருந்தால் இன்னும் தாராளம்.

ஆனால் அந்த 60 டிகிரிக்கு 180 லிட்டரையும் ஏற்ற ஏறத்தாழ 7 கிலோவாட் மணி சூடு வேண்டும். இரண்டு சதுர மீட்டர் பேனல் ஒன்று சாதாரண நாளில் 4 முதல் 5 வரைதான் தரும். அதாவது ஒரே பேனல் என்றால் தண்ணீர் 48 டிகிரி அளவில் நிற்கும். குளிக்க அந்தச் சூடு போதும், ஷவரில் மட்டும் கொஞ்சம் சிக்கனம் வேண்டும். முந்தைய நாள் மீதி இருந்தால் அதற்கு மேலும் ஏறும். பெரிய தொட்டிக்குச் சின்னப் பேனல் கொடுத்து விலையைக் குறைப்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்வது? தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் வருவார்களே?

இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் அக்டோபர், நவம்பர்தான் மழை மிகுந்த மாதங்கள். தீபாவளியும் அப்போதுதான் வருகிறது. வெயில் குறைந்த சமயத்தில், கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்திறங்க, அத்தனை பேரும் விடிவதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சாதாரண நாளைவிடத் தண்ணீரும் அதிகம் வேண்டும்.

இதற்காகத்தான் தொட்டிக்குள் மின்சாரச் சூடேற்றி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. நாள் முழுக்க மேகம் மூடியிருந்தால் தண்ணீர் 36 டிகிரி வரைதான் ஏறியிருக்கும். அதை 50-க்குக் கொண்டுவர 3 கிலோவாட் சூடேற்றிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். தீபாவளிக்கு முந்தைய இரவு படுக்கப் போகும் முன் இரண்டு மணி நேரம் போட்டு 60-க்கு ஏற்றிவிடுங்கள். பெரியவர்கள், குழந்தைகள் முதலில், இளவட்டங்கள் கடைசியில். அதற்கும் போதாமல் போனால் பின்கட்டில் விறகடுப்பு மூட்டி ஓர் அண்டா வைப்பதில் குறையொன்றும் இல்லை.

1997, 2015, 2019 போன்ற புகைமூட்ட ஆண்டுகளில் வெயில் கலங்கிப் போவதால் பேனலின் வேலை குறையும். கண்ணாடியில் படியும் தூசையும் அப்போது துடைக்க வேண்டியிருக்கும்.

சோலார் போட்டும் மின்கட்டணம் குறையவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

முதலில் சூடேற்றியின் ஸ்விட்சைப் பாருங்கள். நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் அது இரவும் பகலும் போட்டபடியே இருக்கிறது. இரவு எல்லாரும் குளித்து முடித்ததும் தொட்டியில் பச்சைத் தண்ணீர் நிறைகிறது. வெயில் வரும்வரை காத்திருக்காமல் மின்சாரம் அதைச் சூடாக்கிவிடுகிறது. காலையில் சூரியன் எழும்போது தொட்டி ஏற்கெனவே கொதிக்கிறது. பேனலுக்கு வேலையே இல்லை. ஸ்விட்சை அணைத்தே வையுங்கள், மழை நாளில் மட்டும் போடுங்கள். மறதி உள்ள வீட்டில் நேரம் குறித்து இயங்கும் டைமர் பூட்டி, விடியற்காலை நான்கு மணிக்கு மட்டும் ஓடும்படி செய்யலாம்.

போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்?

வீட்டுக்கு வீடு மாறும். குளியலறையில் பூட்டும் உடனடி ஹீட்டர் 3.6 கிலோவாட் என்றால், ஐந்து பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளிக்க நாளுக்கு 3 யூனிட் (கிலோவாட் மணி), மாதம் 90 யூனிட். 2014 முதல் 2025 ஜூன் வரை இருந்த வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், 300-க்கு மேல் 51.6 சென். குளிர்சாதனம் ஓடும், 300 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு அந்த 90 யூனிட் மாதம் 46 ரிங்கிட். சிக்கனமான வீட்டுக்கு 20 ரிங்கிட்கூட இல்லை. 2025 ஜூலையில் கட்டண அமைப்பு மாறிவிட்டது; உங்கள் பில்லை எடுத்து வைத்து ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள்.

பூட்டுக்கூலியோடு 5,000 ரிங்கிட் செலவானதாக வைத்துக்கொண்டால் முதல் வீட்டுக்கு ஒன்பது வருடம், இரண்டாவது வீட்டுக்கு இருபது வருடத்துக்கு மேல். ஆகவே தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும், காலையில் மட்டும் ஒரு வாளி கலந்து குளிப்பவர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஆள் அதிகம், குளியலறை இரண்டு மூன்று, கைக்குழந்தை அல்லது பிள்ளை பெற்ற பெண் இருக்கும் வீடு என்றால் தயங்காமல் போடுங்கள்.

பழைய வீட்டுக் கூரை தாங்குமா?

180 லிட்டர் தண்ணீர் 180 கிலோ. தொட்டி, பேனல், சட்டம் எல்லாம் சேர்த்தால் 300 கிலோவை நெருங்கும். அந்த எடை ஓட்டின்மேல் நிற்கக் கூடாது, கீழே உள்ள கைமரத்துக்கும் சுவருக்கும் இறங்க வேண்டும். கறையான் அரித்த மரமா என்று சீலிங்கைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும்.

பழைய தோட்டத்து வீடுகளிலும் பழைய தாமான்களிலும் அஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கிறது. அதைத் துளையிடவோ அறுக்கவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். அந்தக் கூரைக்கு நான் பூட்டுவதில்லை. வீட்டுப் பக்கத்தில் இரும்புச் சட்டம் அடித்து அதன்மேல் வைக்கலாம்.

நாங்கள் இருப்பது தோட்ட நிர்வாகத்தின் வீடு. எங்களுக்கு வழியே இல்லையா?

நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் கூரையில் கை வைக்க முடியாது. ஆனால் வெயில் எல்லாருக்கும் பொது. 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள கறுப்பு பாலிதீன் குழாய் 50 மீட்டர் வாங்கி, வெயில் படும் இடத்தில் தகரத்தின்மேல் சுருளாகக் கட்டுங்கள். அதற்குள் ஏறத்தாழ 15 லிட்டர் நிற்கும். மதியம் திறந்தால் ஒரு வாளி நல்ல சூடான தண்ணீர் வரும். அதை இன்னொரு வாளி பச்சைத் தண்ணீரோடு கலந்தால் ஓர் ஆள் குளிக்கலாம். ஆயக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) விடும் வயதுப் பிள்ளைகளைச் சாயங்காலம் குளிப்பாட்ட இது போதும். விடியற்காலைவரை சூடு நிற்காது. குழாயின் முனையைக் கட்டை போட்டு இறுக்கி அடைக்காதீர்கள். தண்ணீர் விரிய வழி வேண்டும்.

தொட்டி ஓரத்து வால்வு பகலில் சொட்டுகிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. 180 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 60-க்குப் போகும்போது ஏறத்தாழ இரண்டரை லிட்டர் பருத்துவிடும். அந்த மிச்சம் வெளியேறத்தான் அந்த வால்வு. சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிட்டால் தொட்டியே வெடிக்கும் அபாயம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் நெம்புகோலைத் தூக்கித் தண்ணீர் பாய்கிறதா என்று பாருங்கள். இரவிலும் விடாமல் ஒழுகினால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் ஆபத்து உண்டா?

உண்டு. 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். நல்ல வெயில் நாளில் தொட்டி அதற்கு மேலும் போகும். குளியலறைக்குப் போகும் குழாயில் சூட்டை மட்டுப்படுத்தும் கலப்பு வால்வு ஒன்று பூட்டச் சொல்லுங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் சுடுதண்ணீர் என்ற வழக்கத்தையும் விடாதீர்கள்.

அதற்காகத் தொட்டியையே எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருப்பது சரியல்ல. 25 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா என்ற கிருமி நன்றாக வளரும். ஷவர்த் துளியோடு மூச்சில் கலந்து நிமோனியாவைக் கொண்டுவரும். விடாமழை நாள்களிலும், பல நாள் வெளியூர் போய்வந்த பிறகும் சூடேற்றியைப் போட்டு ஒருமுறை 60-க்கு ஏற்றிவிடுங்கள்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

வேண்டாம். சமையலுக்கும் காப்பிக்கும் பச்சைத் தண்ணீர்க் குழாயில் பிடித்துக் கொதிக்க வையுங்கள்.

எத்தனை வருடம் உழைக்கும்?

எஃகுத் தொட்டியின் உள்ளே மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். துரு தொட்டியைத் தின்னாமல் அந்தக் கம்பியைத் தின்னும். அது கரைந்து முடிந்தால் அடுத்தது தொட்டிதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்த்து மாற்றினால் பதினைந்து வருடம் ஓட்டலாம். வாங்கும்போதே, "கம்பி எங்கே இருக்கிறது, யார் மாற்றுவார்கள்?" என்று கேளுங்கள். சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டிய வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்தினால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும். அங்கே சோதனையை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும்.

இடி மின்னலுக்குப் பயப்பட வேண்டுமா?

சூடேற்றிக்கு 10 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் தனி இஎல்சிபி (மின்கசிவுத் துண்டிப்பான்) வேண்டும். எர்த் கம்பி சரியாக இருக்க வேண்டும். இந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன்தான் செய்ய வேண்டும். இடி இடிக்கும்போது ஷவரில் நிற்காதீர்கள்.

வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாமா?

போகலாம். தொட்டியை முழுக்க வடித்துவிடுங்கள்; இறக்கக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். கழற்றும்போது ரப்பர் வாசர்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள். பழையதைத் திரும்பப் போட்டால் ஒழுகும். கூரையில் விட்டுவந்த ஓட்டைகளை அன்றைக்கே அடைக்க வேண்டும், சாயங்கால மழை காத்திருக்காது. புது வீட்டில் ரப்பர் குழாயைத் தூக்கிப் பிடித்து அழுத்தம் பார்க்காமல் மட்டும் பழைய வீட்டிலிருந்து கழற்றாதீர்கள்.